வணக்கம் சதக்கத்துல்லா

ஜனவரி 19, ஞாயிறு. இத்தா நாள் 10

பிஸ்மில்லாஹ். இந்த டைரி அவர் கொண்டுவந்தது. போடியில் அவர் ஏலக்காய்ச் சரக்கு எடுக்கும் கம்பெனி ஒன்று வருடம் பிறந்தால் கொடுக்கும். அவர் அதில் ஒரு வரி எழுதியதில்லை. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, அரிசி மூட்டை பிரித்த நாள், வீட்டில் யார் எத்தனை நோன்பு விட்டார்கள் என்பதையெல்லாம் நான்தான் குறித்து வைப்பேன். என்னை ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். மிச்சப் படிப்பை மருந்து அட்டை, சோப்பு உறை, மகன் நவ்பலின் பழைய புத்தகங்கள் இவற்றிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் குறிக்க வேண்டியது ஒன்றுதான். ரஜப் பிறை ஒன்பது, வெள்ளிக்கிழமை. சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யக் குழாயடிக்குப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். அன்று முதல் நான்கு மாதமும் பத்து நாளும் எனக்கு இத்தா. வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது, அலங்காரம் கூடாது. என் கணக்குப்படி மே பத்தொன்பதில் முடியும், இன்ஷா அல்லாஹ்.

இன்று நவ்பல் அவருடைய போனை என்னிடம் தந்தான். "குர்ஆன் ஓதுறதெல்லாம் இதுல இருக்கு உம்மா. பாங்கு நேரமும் காட்டும். ஒங்க பட்டன் போன அலமாரியில வச்சிருங்க."

புளிக்குக் கொட்டை எடுத்து முடித்தேன். உப்புப் போட்டு இரண்டு பானையில் அடைத்தாயிற்று.

ஜனவரி 24, வெள்ளி. இத்தா நாள் 15

ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம். யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. ஆன்லைன் கடை ஒன்றிலிருந்து மெயில். தமிழிலேயே எழுதியிருந்தது.

"வணக்கம் சதக்கத்துல்லா. உங்கள் ஆர்டர் உறுதியானது. சிறுமியர் பள்ளிக் காலுறை, வெள்ளை, வயது ஏழு முதல் எட்டு, மூன்று ஜோடி. பொருளைப் பெறும்போது பணம் செலுத்தவும்."

சேருமிடம் உத்தமபாளையம், அவர் சரக்கு எடுக்கப் போகும் போடிப் பக்கம்.

பதினைந்து நாளாகக் கபுருக்குள் கிடக்கும் மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஓதிய இடம் தவறிப்போய், முதலிலிருந்து தொடங்கினேன்.

நவ்பல் வந்ததும் காட்டினேன். "ஏமாத்துற மெயிலு உம்மா. மவுத்தானவங்க பேரா பொறுக்கி எடுத்து அனுப்புவானுவ. இனிமே வந்தா தொடாதிய, என்கிட்ட தாங்க" என்று சொல்லி அழித்துவிட்டான். அவன் அழித்த வேகம், சுடுகிற சட்டியைக் கையிலிருந்து இறக்கி வைப்பவன் வேகம்.

பிப்ரவரி 6, வியாழன். இத்தா நாள் 28

மறுபடி வந்தது. "வணக்கம் சதக்கத்துல்லா. நீங்கள் கேட்ட செருப்பு வழியில் இருக்கிறது." ஆண்களுக்கான மெத்தென்ற செருப்பு, ஒன்பதாம் நம்பர், கால் ஆணி உள்ளவர்களுக்கு ஏற்றது. அதே உத்தமபாளையம்.

அவருக்கு இடது காலில் ஆணி உண்டு. இருபது வருடமாக எருக்கம்பால் வைத்துவிட்டவள் நான். ஒன்பதாம் நம்பர்தான். ஆனால் ஒன்பதாம் நம்பர்க் கால் ஊரில் எத்தனையோ பேருக்கு இருக்கும், ஆணியும் இருக்கும்.

பக்கத்து வீட்டிலிருந்து மைமூன் லாத்தா ஆணம் கொண்டுவந்தாள். என் உடன்பிறந்த மூத்தவள். நான் போனை முந்தானைக்குள் வைத்ததைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி ஹாஜரா, அந்நிய ஆம்பள கண்ணுல படக் கூடாதுன்னு ஜன்னலுக்குச் சீல போட்டு அடைச்சிருக்கே. போனுக்குள்ள எத்தன ஆம்பள இருக்கானோ, அதுக்கு ஒரு சீல போட வேணாமா?"

"ஓதுறதுக்கு வச்சிருக்கேன் லாத்தா."

"ஓதுறவ மொகம் இப்படியா இருக்கும்? ஆணத்த ஊத்திச் சாப்புடு. மீனு பாரை."

நவ்பலிடம் இந்த மெயிலைக் காட்டவில்லை. கடையில் வேலை அதிகம், களைத்துப்போய் வருகிறான்.

பிப்ரவரி 7, வெள்ளி. இத்தா நாள் 29

எழுத ஒன்றுமில்லை. சிலிண்டர் மாற்றினேன்.

பிப்ரவரி 15, சனி. இத்தா நாள் 37

இன்று வந்தது வேறு மாதிரி. "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கணக்கில் மடிக்கணினி ஒன்று வாங்கப்பட்டுள்ளது. நீங்கள் வாங்கவில்லை என்றால் இருபது நிமிடத்துக்குள் கீழே அழுத்தவும், இல்லையேல் கணக்கு முடக்கப்படும்." அழுத்தப் போனேன். அல்லாஹ் காப்பாற்றினான், நவ்பல் வாங்கிப்போட்ட பேப்பரில் போன வாரம் படித்தது ஞாபகம் வந்தது. பழைய பேப்பர் அடுக்கைக் கலைத்துத் தேடி எடுத்தேன். சைபர் போலீஸ் அதிகாரி ஒருவர் எழுதியிருக்கிறார். பொய் மெயில் உங்கள் பெயரைச் சொல்லாது. அவசரப்படுத்தும். அனுப்பியவர் முகவரியை விரித்துப் பார்த்தால் கடைக்குச் சம்பந்தமில்லாத எழுத்துகளாக இருக்கும். எந்த மெயிலாக இருந்தாலும் அதில் உள்ளதை அழுத்தாமல், கடையின் ஆப்பைத் தனியே திறந்து 'என் ஆர்டர்கள்' என்ற இடத்தில் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் பொய்.

விரித்துப் பார்த்தேன். எண்ணும் எழுத்தும் கலந்து என்னென்னவோ முகவரி. பொய். அழித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஐந்தாவது படித்தவள் கண்டுபிடித்துவிட்டேன்.

பிறகு செருப்பு மெயிலை எடுத்துப் பார்த்தேன். அது பெயர் சொல்கிறது. அவசரப்படுத்தவில்லை. அனுப்பியவர் முகவரி சுத்தமாக இருக்கிறது.

ஆப்பைத் திறக்கவில்லை. அஸர் நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 17, திங்கள். இத்தா நாள் 39

திறந்தேன். செருப்பு இருந்தது. காலுறை இருந்தது.

அதற்குக் கீழே இன்னும் இருந்தன. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. எழுபத்து நான்கு. எல்லாம் ஒரே முகவரிக்கு. மேலே உள்ளதிலிருந்து கீழே போகப் போக அந்தச் சிறுமிக்கு வயது குறைந்தது. ஏழு வயதுக் காலுறை. ஐந்து வயது மழைக்கோட்டு. மூன்று வயதுக் கம்மல். இரண்டு வயது நடைவண்டி. கடைசியில், ஆகக் கீழே, கொசுவலை போட்ட தொட்டில்.

சரக்குப் பிடிக்கிற ஊரில் வேலையாள் இருப்பார். அவர் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்திருப்பார். ஈகைக் குணம் உள்ள மனிதர்.

முகவரியில் பெறுபவர் பெயர் ஜரீனா என்று இருக்கிறது. ஒரு போன் நம்பரும் இருக்கிறது.

அரிசியில் கல் பொறுக்கினேன். இரண்டு படி.

மார்ச் 2, ஞாயிறு. இத்தா நாள் 52. ரமலான் பிறை 1

முதல் நோன்பு. அவர் இல்லாத முதல் நோன்பு என்று லாத்தா அழுதாள். நான் அழவில்லை. எனக்கு ஒரு கணக்கு வேலை இருந்தது.

ஒவ்வொரு ரமலானிலும் கடைசிப் பத்தில் அவர் சரக்கு விஷயமாகப் பயணம் போவார். திரும்பி வந்ததும், "பயணத்துல நோன்பு விட்டுப்போச்சு ஹாஜரா, குறிச்சு வச்சுக்க" என்பார். ஐந்து வருடத்தில் நாற்பத்தொன்று. அவர் அதைத் திரும்ப நோற்கவில்லை. அதனால் அவர் மவுத்தான பதினைந்தாம் நாளே ஒரு நோன்புக்கு ஒரு அளவு என்று நாற்பத்தொரு அளவு அரிசி கொடுத்து நிறைவேற்றினேன். அவர் கடனோடு போகக் கூடாது.

இன்று ஆப்பில் அந்தந்த வருடத்து ரமலான் தேதிகளைப் பார்த்தேன். போன வருடம் இருபத்தோராம் பிறைக்கு, நோன்பு பிடிக்க விடியுமுன் எழுப்பும் சஹர் அலாரம் கடிகாரம். அதற்கு முந்தின வருடம் பேரீச்சம்பழம் ஒரு கிலோ, பெரியவர் தொழுகைத் தொப்பி, கஞ்சிக்கான பெரிய பாத்திரம். விட்ட நோன்புக்கு யாரும் சஹர் அலாரம் வைப்பதில்லை.

அவர் நோன்பு பிடித்திருக்கிறார். அங்கே பிடித்திருக்கிறார். விட்டதாகச் சொன்னதுதான் பொய்.

நாற்பத்தொன்று என்று எழுதியதை அடித்துவிட்டேன். கொடுத்த அரிசி ஏழைகள் சாப்பிட்டது, அதைத் திரும்ப எண்ண வேண்டாம்.

மார்ச் 14, வெள்ளி. இத்தா நாள் 64

"வணக்கம் சதக்கத்துல்லா. உங்கள் ஆர்டர் உறுதியானது. ஆண்களுக்கான முழுக்கைச் சட்டை, வெளிர் நீலம், அளவு நாற்பத்திரண்டு. பெருநாளுக்கு முன் வந்து சேரும்."

இதற்கு மேல் என்னால் என்னிடமே வேறு கதை சொல்ல முடியாது. அங்கே ஒருத்தி அவர் பெயரில் இருக்கும் கணக்கிலேயே அவருக்குப் பெருநாள் சட்டை எடுத்து வைக்கிறாள். அவர் வருவார் என்று வைக்கிறாள்.

அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஊரில் மவுத்து என்றால் பள்ளிவாசல் மோதியார் தெருத்தெருவாகப் போய் வீட்டு வாசலில் நின்று சொல்லுவார். பகைத்த வீட்டுக்கும் சொல்லுவார். அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டிருக்கிறோம்.

நீலச் சட்டை அவர் இங்கே போட்டதே இல்லை. வெள்ளை அரைக்கைதான். நீலம் அவருக்கு நன்றாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டே வடைக்கு அரைத்தேன். மாவு தண்ணீராகப் போய்விட்டது.

மார்ச் 19, புதன். இத்தா நாள் 69

பெண்கள் மதரஸாவின் ஸுபைதா ஆலிமா என்னைப் பார்க்க வந்தார்கள். துஆ ஓதி முடித்ததும் கேட்டேன்.

"ஒருத்திக்கு மாப்புள மவுத்தானதே தெரியாம இருந்தா, அவளுக்கு இத்தா எப்ப தொடங்கும்?"

"மவுத்தான நாள்லேருந்துதான் ஹாஜராம்மா. தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் நாளு ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். நடுவுல தெரிஞ்சா மிச்ச நாளு இருக்கணும். எல்லாம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சா ஒண்ணும் இல்ல."

"தெரியாம அவ வெளிய போறா, நல்ல சேல உடுத்துறா. அதுக்குக் குத்தம்?"

"அவளுக்கு இல்ல. தெரியாமத்தானே செஞ்சா."

"தெரிஞ்சவுக இருக்காக. சொல்லல."

ஆலிமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "யாருக்கும்மா இது?"

"ஒரு கதையில படிச்சேன்."

"கதையில வர்றவுகளுக்குச் சொல்லுங்க. மவுத்துச் செய்தி அமானிதம். கையில வச்சிருக்கவுக உரியவுகளுக்குக் கொடுக்கணும்."

போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வழக்கமாக அப்படிச் செய்வதில்லை.

மார்ச் 22, சனி. இத்தா நாள் 72

நவ்பல் ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தான். தாலுகா ஆபீஸில் வாரிசு சான்றிதழ் வாங்க வேண்டுமாம். வாப்பா பெயரில் உள்ள சரக்குக் கிட்டங்கியும் பேங்க் கணக்கும் அது இல்லாமல் மாறாதாம். அவனே நிரப்பியிருந்தான். மனைவி ஒருவர், மகன் ஒருவர், வேறு வாரிசு எவரும் இல்லை என்று உறுதி கூறுகிறேன்.

"இத்தா முடியட்டும்" என்றேன்.

"இத்தாவுல கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எந்தக் கிதாபுல இருக்கு உம்மா?"

"நோன்பு வச்சிருக்கேன் வாப்பா. அப்புறம் பாக்கலாம்."

சொல்லிவிட வேண்டும் என்று தினம் நினைக்கிறேன். அந்த நம்பர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் சொன்னால் அவள் இருக்கிறாள் என்று ஆகிவிடும். சொல்லாதவரை அவள் ஒரு மெயில்.

அல்லாஹ் இந்த வரியை மன்னிக்கட்டும்.

மார்ச் 31, திங்கள். இத்தா நாள் 81. பெருநாள்

எல்லாரும் வந்து போனார்கள். நீலச் சட்டையை இன்று மடிப்புப் பிரித்து எங்காவது மாட்டி வைத்திருப்பாள்.

ஏப்ரல் 12, சனி. இத்தா நாள் 93

"வணக்கம் சதக்கத்துல்லா. செருப்பைப் பற்றி நீங்கள் எழுதிய கருத்துக்கு நன்றி. அது இப்போது எல்லாரும் பார்க்கும்படி வெளியாகியுள்ளது."

ஆப்பைத் திறந்தேன். செருப்புப் படத்துக்குக் கீழே யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். தையல் விடுகிறது, நிறம் வேறு, பார்சல் தாமதம். அவற்றுக்கு நடுவே சதக்கத்துல்லா என்ற பெயரில், ஐந்து நட்சத்திரத்தோடு:

"நல்லா மெத்துனு இருக்கு. அவரு இன்னும் வந்து போட்டுப் பாக்கல. வெளிநாடு போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. நோன்புக்கு வர்றேன்னாரு வரல. வந்து போட்டதும் எப்படி இருக்குன்னு எழுதுறேன்."

நான்கு பேருக்கு இந்தக் கருத்து உதவியாக இருந்ததாம்.

ஆட்டுக்கல்லைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. சோறு அடிப்பிடித்து வாடை வந்துதான் எழுந்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு. இத்தா நாள் 94

காலையில் பசியாறும்போது அவன் முன்னால் போனை வைத்தேன். படித்தான். தோசையைப் பிட்ட கை அப்படியே நின்றது.

"ஏமாத்துற மெயிலுன்னு சொல்லு நவ்பல்" என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்தான்.

"இந்தப் போன்ல ரெண்டு சிம் போட எடம் இருக்கு. ஒண்ணு காலி. பேப்பர்ல படம் போட்டிருந்தான், தெறந்து பாத்தேன். அது எங்க?"

"தெரியும்ல உம்மா ஒங்களுக்கு. அப்புறம் ஏன் என்ன கேக்குறிய?"

"நீ எப்ப தெரிஞ்சுக்கிட்டே?"

தட்டைத் தள்ளி வைத்தான். "மய்யித்தத் தூக்கிட்டுப் போற சந்தூக்கு நடுவூட்டுல இருக்கும்போதே போன் அடிச்சிச்சு. கொடியில கெடந்த வாப்பாவோட சட்டப் பையில. எடுத்தேன். 'அத்தா, எந்திரிச்சிட்டீங்களா'ன்னு ஒரு புள்ள கேக்குது. வாப்பாவ அப்பத்தான் குளிப்பாட்டி வெளிய கொண்டாராக. கட் பண்ணேன். மறுபடி அடிச்சிச்சு. சிம்ம கழட்டி என் பர்சுல போட்டேன். போயி சந்தூக்கோட முன்னாடி காலத் தூக்குனேன்."

முப்பது வயது ஆள். அவன் அழுவதை நான் பத்து வயதுக்குப் பிறகு பார்த்ததில்லை.

"மூணு மாசமா சுமந்துக்கிட்டுத் திரிஞ்சியா?"

"ஊரு சிரிக்கும் உம்மா. ஒங்களப் பாத்துத்தான் முதல்ல சிரிக்கும். ஹாஜராம்மா நோன்புக் கணக்கு எழுதுறாக, மாப்புள கணக்கு எழுத மறந்துட்டாகன்னு சொல்லுவாளுவ. அது வேணுமா ஒங்களுக்கு?"

"சொல்லட்டும். மைமூன் லாத்தாவே முதல்ல சொல்லுவா."

"அவங்க வந்து நிப்பாங்க. பங்கு கேப்பாங்க."

"அது நீயும் நானும் கொடுக்குறது இல்ல வாப்பா. அல்லாஹ் எழுதி வச்சது. அத நாம எடுத்தா நரக நெருப்பு."

பர்சிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான். நகத்தளவு இருக்கிறது. சொல்லாமல் கடைக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 14, திங்கள். இத்தா நாள் 95

நடந்ததை நடந்த மாதிரி எழுத வேண்டும்.

லுஹர் தொழுதுவிட்டு சிம்மைப் போட்டேன். போனை முடுக்கியதும் செய்தி மேல் செய்தியாக விழுந்தது. எல்லாம் விட்டுப்போன அழைப்புகள். ஒரே நம்பர். ஜனவரியிலிருந்து. எண்ணத் தொடங்கினேன், நூற்றுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை எடுக்கத் திரும்பினேன். அதற்குள் போன் அடித்தது. இந்த நம்பர் உயிர் பெற்றதும் அங்கே தகவல் போய்விடும் என்று எனக்குத் தெரியாது.

எடுத்தேன்.

"அத்தா. ஏன் போன அணைச்சு வச்சீங்க? அம்மா, இங்க வாங்க, அத்தா எடுத்துட்டாரு. அத்தா, எனக்கு ரெண்டாவது ரேங்கு. நீங்க வந்துதான் கையெழுத்துன்னு டீச்சர்ட்ட சொல்லிட்டேன். எப்ப வர்றீங்க?"

இங்கே வாப்பா. அங்கே அத்தா. ஒரே ஆளை இரண்டு பெயரில் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பேசாமல் இருந்த ஒவ்வொரு நொடியும் அந்தப் பிள்ளைக்கு அவர் உயிரோடு இருந்தார். அந்தப் பாவத்தையும் சேர்த்தேன்.

பிறகு பெரியவள் குரல், ஓடிவந்த மூச்சோடு. "என்னங்க. நல்லாருக்கீங்களா? துபாய்லேருந்து எப்ப வந்தீங்க? பேசுங்க. ஏன், கோவமா?"

"நான் அவுக இல்லம்மா. கீழக்கரையிலேருந்து ஹாஜரா பேசுறேன்."

எங்கோ குக்கர் விசில் கேட்டது.

"தெரியும்க்கா" என்றாள். "ஒங்களப் பத்திச் சொல்லிருக்காரு. எங்களத்தான் ஒங்ககிட்ட சொல்லல."

"புள்ளய வெளிய அனுப்பு."

"மர்யம், மாமா கடைக்குப் போயி தயிர் வாங்கிட்டு வா. ஓடு." கதவுச் சத்தம். பிறகு, "சொல்லுங்கக்கா" என்றாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

சொன்னேன். ரஜப் ஒன்பது, வெள்ளிக்கிழமை, சுபுஹு நேரம், குழாயடி. ரொம்ப நேரம் சிரமப்படவில்லை. ஜும்ஆ முடிந்து அடக்கம். எத்தனை பேர் தொழுதார்கள் என்பதும் சொன்னேன்.

அவள் இன்னாலில்லாஹி சொன்னாள். அழுகை வரவில்லை. வாய்க்குள் மாதங்களை எண்ணினாள். ரஜப், ஷஃபான், ரமலான், ஷவ்வால்.

"அக்கா, பெருநாளைக்கு நான் மருதாணி வச்சேன்."

"தெரியாமத்தானே வச்சே."

"ரெண்டு கையிலயும் வச்சேங்க்கா. அவரு வந்தா பாப்பாருன்னு."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டியிருந்தது. ரமலானுக்கு முன்பே தெரியும், சட்டை வாங்கியதும் தெரியும், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"மொகம் எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

தூங்குகிற மாதிரி என்று எல்லாரும் சொல்வதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. தாடையைக் கட்டியிருந்தது, இடது புருவத்தில் குழாய் பட்டு ஒரு கீறல், அத்தர் கொஞ்சம் கண்ணோரம் வழிந்திருந்தது, நான் துடைத்தேன். எனக்கு ஞாபகம் இருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்போதுதான் அழுதாள். போனை வைக்காமல் இரண்டு பேரும் இருந்தோம். அஸர் பாங்கு இங்கே சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் அங்கே சொன்னது கேட்டது.

"இன்னும் எத்தன நாளுக்கா?"

"முப்பத்தஞ்சு" என்றேன்.

ஏப்ரல் 16, புதன். இத்தா நாள் 97

நவ்பல் என்னோடு பேசுவதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகிறான். மைமூன் லாத்தாவிடம் நானே சொன்னேன். "அந்த ஆளுக்கு மீனு முள்ளெடுக்கத் தெரியாது. அங்க யாரு எடுத்துக் குடுத்தாளோ" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜரீனா பேசினாள். கபுரைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவளும் வெளியே வரக் கூடாது, நானும் போகக் கூடாது. இருபது நிமிட நடையில் இருக்கும் கபுரை நானே இன்னும் பார்க்கவில்லை.

"புள்ளய அனுப்பு" என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு. இத்தா நாள் 108

ஜரீனாவின் அண்ணன் மர்யமைக் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறி, காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். அவரை முன்கட்டில் உட்காரச் சொல்லி, பிள்ளையை மட்டும் உள்ளே வரச் சொன்னேன். ஒல்லி. நெற்றி அவருடையது. வெள்ளைக் காலுறை போட்டு வந்திருந்தாள், செருப்புக்குள்.

"நீங்கதான் பெரியம்மாவா?"

"ஆமா."

"அம்மா ஒங்களுக்கு ஏலக்காய் குடுத்துவிட்டாங்க." ஒரு டப்பாவை நீட்டினாள். இந்த வீட்டில் ஏலக்காய்க்கு எந்தக் காலத்திலும் குறைவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பசியாறக் கொடுத்தேன். இரண்டு இடியாப்பம் சாப்பிட்டாள். நவ்பல் மாடியிலிருந்து இறங்காமலே இருந்தான். நான் படிக்கட்டில் நின்று, "பதினோரு மணிக்கு வெயில் ஏறிரும். கபுருக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

"அவ மாமா வந்திருக்காருல்ல."

"அவருக்கு எடம் தெரியாது. ஒனக்குத் தெரியும்."

இறங்கி வந்தான். பிள்ளையைப் பார்க்காமல் செருப்பை மாட்டினான். அவள் பின்னாலேயே போனாள், மாமாவும் போனார். ஜன்னல் சீலையை விரலளவு விலக்கிப் பார்த்தேன். இவன் வேகமாக நடக்கிறான், பிள்ளை ஓடுகிறாள். தெருமுனை வரை அப்படியே போனார்கள். திரும்புகிற இடத்தில் ஒரு மீன் வண்டி வந்தது. நவ்பல் நின்று கையைப் பின்னால் நீட்டினான். திரும்பிப் பார்க்காமல்தான் நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். இரண்டு பேர் காலிலும் மணல். மாமா லுஹர் தொழப் பள்ளிக்குப் போயிருந்தார்.

"அத்தாவுக்குத் தண்ணி ஊத்துனோம் பெரியம்மா. அங்க ஒரு செடி இருக்கு. காக்கா தூக்குனாரு, நான் ஊத்துனேன்."

அண்ணனை எங்கள் ஊர் வழக்கப்படி காக்கா என்று கூப்பிடச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

நவ்பல் மேஜையிலிருந்த பழைய விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டான். உள்ளே போய்ப் புதுத் தாள் ஒன்றை எடுத்து வந்து உட்கார்ந்தான். இன்னும் என்னைப் பார்க்கவில்லை. மகன், மனைவி என்று எழுதினான். இன்னொரு மனைவி என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்று போனது. பிறகு தலையைத் தூக்காமல் கேட்டான்.

"ஒன் முழுப் பேரு என்ன?"

"மர்யம் ஸித்தீக்கா."

"இனிஷியல்?"

"ச" என்றாள். "சதக்கத்துல்லா."

"தெரியும்" என்றான். எழுதினான்.